பத்து நிமிஷம்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கம்பெனியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பத்து நிமிஷம்!" என்று குரல் கொடுத்தால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பார். கார் கிளம்பாமல் நடுத்தெருவில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் போன் செய்தால், புது பேட்டரியைத் தன் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார். பானெட்டைத் தூக்குவார். "பத்து நிமிஷம்தான் சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். சொன்ன சொல் தவறாத மனுஷன் என்று ஊரே மெச்சியது. வினையே அங்கேதான் இருந்தது.

அதற்கு முன்பு பதினெட்டு வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியபோது ஒர்க்‌ஷாப் மூடப்பட்டது. ஐம்பது வயதுக்காரருக்கு யார் வேலை தருவார்கள்? பேட்டரி கம்பெனி தந்தது. நாளெல்லாம் பேட்டரி தூக்கித் தூக்கி இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. சட்டைகளில் எல்லாம் ஆசிட் பட்டுப் பொத்தல். துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை பார்க்கும் அவருடைய மனைவி அந்தச் சட்டைகளை விரித்துப் பார்த்து, "இதை வச்சு மாவு சலிக்கலாம்" என்பாள். சலித்துக்கொண்டே ஒட்டும் போட்டுக் கொடுப்பாள்.

கம்பெனி கொடுத்த போனில் ஒரு கடிகாரம் இருந்தது. பானெட்டைத் திறந்து படம் எடுத்ததும் அது ஓட ஆரம்பிக்கும். வண்டிக்காரர் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டால்தான் நிற்கும். பதினைந்து நிமிஷம் தாண்டினால் எண்கள் சிவப்பாகும். மாதத்தில் ஐந்து சிவப்பு விழுந்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். பத்து விழுந்தால் கூப்பிட மாட்டார், வேறு ஆளைப் போட்டுவிடுவார். சேர்ந்த முதல் மாதத்தை விட்டால், இந்த மனுஷனுக்கு இரண்டு வருஷத்தில் ஒரு சிவப்புகூட விழவில்லை. அவரைக் காட்டித்தான் மற்றவர்களை மிரட்டுவார்கள்.

இப்போது வண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துக் கார்களில் இன்ஜினுக்கென்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்ஜின் மூச்சு இழுக்கும் வாயில் வருஷக்கணக்கில் கரி படியும், வழி குறுகும். கம்ப்யூட்டர் அதைக் கவனித்துக் கவனித்து, யாருக்கும் தெரியாமல் அந்த வாயின் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து சரிக்கட்டிக்கொண்டே போகும். காது மந்தமானவரோடு குடித்தனம் செய்கிறவர்கள் தாமறியாமலே உரக்கப் பேசப் பழகிவிடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி. பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பழக்கம் முழுக்க மறந்துபோகும். வண்டி புதிதாகத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த அளவையே கம்ப்யூட்டர் திரும்பப் பிடித்துக்கொள்ளும். கரி மட்டும் அங்கேயே இருக்கும். காற்றுப் போதாமல் இன்ஜின் நடுங்கும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் சில வண்டிகள் அப்படியே நின்றும் போகும்.

இதற்கு மருந்து ஒன்றும் பெரிதில்லை. ஏசி, விளக்கு எதையும் போடாமல், இன்ஜின் சூடேறிய பிறகு பத்து நிமிஷம் அதன்போக்கில் ஓடவிட வேண்டும். பிறகு தெருவில் ஒரு சுற்று. அது தானாகவே மறுபடி கற்றுக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்யாமல் அவர் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. கம்பெனியில் மற்ற பையன்களுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. தெரியாதவனை என்ன சொல்ல முடியும்? இவருக்குத் தெரியும்.

சேர்ந்த புதிதில் செய்துகொண்டுதான் இருந்தார். கடிகாரம் விரட்டியது. சரி, வாயால் சொல்லியாவது விடுவோம் என்று, "பத்து நிமிஷம் ஓடவிட்டு எடுங்க" என்று சொல்லிப் பார்த்தார். "ஏன், பழைய பேட்டரியா குடுத்தீங்க?" என்று வண்டிக்காரர்கள் கிடுக்கிப்பிடி போட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் நாலு நிமிஷம் போனது. பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். நூற்றில் தொண்ணூற்றைந்து வண்டி எந்தத் தொந்தரவும் செய்யாமல் போய்விடும். மீதி ஐந்தும் இரண்டு தடவை நின்று, வண்டிக்காரரிடம் திட்டு வாங்கி, தானே சரியாகிவிடும். ஒன்றும் ஆகாது என்று நெஞ்சைச் சமாதானப்படுத்திக்கொண்டார். நெஞ்சும் ஒத்துக்கொண்டது.

அன்று சனிக்கிழமை காலை, ஓர் அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் பதினோரு வயதான சாம்பல் நிறக் கார். வண்டிக்காரி ஒரு பள்ளிக்கூட டீச்சர். டீச்சரின் கணவருக்கு மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்திருந்தது, இருவரும் வாங்கப் போகிறார்கள். மனிதர் பக்கத்து முன்சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். வாயாடி.

"எங்க வீட்டுல இருபத்திரண்டு வருஷமா ஒரு இன்ஜின் ஓடுதுண்ணே. அதுக்கு இதுவரைக்கும் பேட்டரியே மாத்தினதில்ல" என்று மனைவியைக் காட்டினார்.

"சும்மா இருங்க, அவரை வேலை பார்க்க விடுங்க" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இவரும் சிரித்துக்கொண்டே பேட்டரி டெர்மினலை முறுக்கி முடித்தார். டிரைவர் சீட்டில் அமர்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது, உடனே நடுங்கியது. ஸ்டீயரிங் கையில் உதறியது. நின்றுவிடப் போகிறது என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. போனில் கடிகாரம் பதின்மூன்றைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆர்டர் வேறு மணியடித்தது.

வலது காலால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் மறைந்தது. இன்ஜின் பதவிசாக உறுமியது. மிதித்த காலை எடுக்காமலே ஜன்னல் வழியாகப் போனை நீட்டினார். டீச்சர் விரலால் கையெழுத்துப் போட்டார். பதினாலு நிமிஷம், பச்சை.

"எல்லாம் சரியாயிடுச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஓகே மேடம், எடுத்துட்டுப் போங்க" என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

மிதித்த அந்தக் காலைத்தான் அவரால் பிறகு மறக்க முடியவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம், அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இன்ஜின் நடுங்குவது தெரியக் கூடாது என்று மிதித்து மறைத்த காலுக்கு என்ன பெயர் சொல்வது?

மாலையில் சூப்பர்வைசர் போன் செய்தார். "காலைல நீ பேட்டரி மாத்தின வண்டி, கால் மணி நேரத்துல லாரியில அடிபட்டிருக்கு. அந்தம்மாவுக்குத் தோள் எலும்பு போச்சு. அவங்க வீட்டுக்காரருக்குத் தலையில அடி, பிழைக்கிறது கஷ்டம்ங்கிறாங்க. டெர்மினல் டைட்டா இருந்துச்சா? போட்டோ இருக்கா?"

"இருக்கு சார்."

போட்டோவைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "சூப்பர். நம்ம பக்கம் சுத்தம்."

இவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்தார். பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். டீச்சரின் கணவர் மூன்றாம் நாள் இறந்துபோனார்.

நடந்தது இதுதான். பெரிய சாலைக்குத் திரும்பும் முக்கில் டீச்சர் வேகத்தைக் குறைத்திருக்கிறார். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. பாதி திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. இன்ஜின் பலத்தில் திரும்பும் ஸ்டீயரிங் மறுகணமே இறுகிப்போனது. வண்டி சாலைக்குக் குறுக்கே கிடந்தது. எதிரே வந்த லாரி, கணவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. டீச்சர் போலீஸில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "இன்ஜின் தானா நின்னுடுச்சு."

யார் நம்புவார்கள்? வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனவர்கள் இடம் மாற்றுவதற்காக நாலைந்து தடவை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், மிதித்து மிதித்து ஓட்டியிருக்கிறார்கள், ஓடவிட்டபடியே நின்று கதை பேசியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் சமர்த்தாகப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. நாலு நாள் கழித்து அதிகாரி வந்து சோதித்தபோது வண்டி குறையில்லாமல் ஓடியது. 'இன்ஜினில் எந்தப் பழுதும் இல்லை, ஓட்டியவரின் தவறு' என்று எழுதிவிட்டுப் போனார். அவர் மேலும் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினார்.

ஒன்றரை மாதம் கழித்து அதே அடுக்குமாடியில் வேறு ஒரு வீட்டுக்குப் பேட்டரி. வேண்டாமென்று மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டே போனார். வாட்ச்மேன் விடவில்லை. அவருக்கு நாக்கு சும்மா இருந்தால் நாளே போகாது.

"அந்த டீச்சர் வீடு நாசமாப் போச்சுண்ணே. பொண்ணு காலேஜ் படிக்குது, ஒரே பொண்ணு. அப்பா மேல உசிரு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. செத்தவரோட அக்கா வந்து வாசல்லயே நின்னு, உன் கையாலயே கொன்னுட்டியேடின்னு கத்திட்டுப் போனாங்க. நாங்க எல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம்."

வேலையை முடித்து நிமிர்ந்தபோது தூணருகே டீச்சர் நின்றிருந்தார். ஒரு கை இன்னும் கட்டுப் போட்டுத் தொங்கியது. ஆள் பாதியாகியிருந்தார்.

"நீங்கதானே அன்னைக்கு வந்தது?"

"ஆமா மேடம்."

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். பேட்டரி மாத்தினா இன்ஜின் தானா நிக்குமா? நான் யாரையும் குத்தம் சொல்லலைங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

உண்மை வாய்வரை வந்தது. இரண்டு வருஷம் சேர்த்த நல்ல பெயர் குறுக்கே விழுந்தது. வேலை, வாடகை வீடு, இறங்கிய தோள், ஐம்பத்திரண்டு வயது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நிக்காது மேடம்" என்றார்.

டீச்சர் தலையை ஆட்டினார். "அப்போ நான்தான் ஏதோ தப்பா மிதிச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியேறிப் போனார். இவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். சாவியை எங்கே நுழைப்பது என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். பேட்டரி மாற்றிய ஒவ்வொரு வண்டியிலும் பத்து நிமிஷம் உட்கார்ந்து ஓடவிட்ட பிறகே சாவியைக் கொடுத்தார். போனில் சிவப்பாக விழுந்தது. "என்னண்ணே, பத்து நிமிஷம் முப்பது நிமிஷமாயிடுச்சு, பேரை மாத்திடலாமா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள். பழைய நல்ல பெயருக்காகப் பத்தைத் தாண்டியும் வெளியே அனுப்பாமல் சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்தார். வீட்டில் தட்டில் கை வைத்தால் சோறு இறங்கவில்லை. மனைவிக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், காலால் மிதித்து மறைத்ததையும் சேர்த்து.

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, "செத்தவரு திரும்பி வரப்போறதில்ல. வாயை மூடிக்கிட்டு இருங்க. நம்ம வீட்டு அடுப்பும் எரியணும்" என்று எழுந்து போய்விட்டாள். அவளைத் திட்டத் தோன்றுகிறதா? அடுப்பைப் பற்ற வைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் இந்தப் பேச்சே எழவில்லை. ஒரு நாள் காலையில் தையல் மெஷினில் குனிந்திருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"அந்தம்மா இன்னும், தான்தான் கொன்னுட்டோம்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்களா?"

"ஆமா."

"எத்தனை நாளைக்கு நினைச்சிக்கிட்டு இருப்பாங்க?"



"சாகுற வரைக்கும்" என்றாள் அவளே. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. இருக்கிறதை வச்சுப் பார்த்துக்கலாம். போறப்ப ஸ்பேனரை எடுத்துட்டுப் போங்க, வெறும் வாயால சொன்னா யாரு நம்புவா?"

விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்த டீச்சர் விலகி வழிவிட்டார். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்துத்தான் இவர் பேசினார். நின்றபடியே, குரல் உடைய உடைய, ஒன்றையும் விடாமல் சொன்னார். தாளை நீட்டினார்.

மகள் வாங்கவில்லை. "அம்மா சொல்லச் சொன்னாங்களா அங்கிள்?" என்றாள்.

டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழகிப்போன அடி போலிருக்கிறது.

"வண்டி எங்கம்மா இருக்கு?"

"கீழதான். அடுத்த வாரம் விக்கிறோம். வாங்குறவர் ஓட்டிப் பார்த்துட்டு இன்ஜின் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாரு."

"சாவி குடும்மா. ஒரு மணி நேரம் மட்டும்."

மூவரும் கீழே இறங்கினார்கள். நெளிந்த கதவை மாற்றியிருந்தார்கள், புதுக் கதவின் நிறம் மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. அவர் முதலில் இன்ஜினைச் சூடேற ஓடவிட்டார். ஒரு நடுக்கம் இல்லை. ஏசி போட்டார், அப்போதும் இல்லை. மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடும்மா. கத்துக்கிட்டதால ஓடுது. இப்ப மறக்க வச்சுக் காட்டுறேன்."

இன்ஜினை நிறுத்தி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் டெர்மினலைக் கழற்றினார். மிச்சமிருக்கும் கரண்டும் வடியட்டும் என்று விளக்கு சுவிட்சைப் போட்டுவைத்தார். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போன் இரண்டு முறை அடித்தது, சூப்பர்வைசர். அணைத்துப் பையில் போட்டார். உடைந்த பகுதிகளை ரிப்பேர் செய்தவர்கள் கரியையும் துடைத்திருந்தால் என்ன ஆகும் என்ற பயம் அப்போதுதான் வந்தது. துடைத்திருந்தால் வண்டி நிற்காது. ஆயுள் முழுக்க வண்டிகளை ஓடவைக்கப் பாடுபட்ட மனிதர், இந்த ஒரு வண்டி நின்றுவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றார்.

டெர்மினலை மாட்டினார். விளக்கை அணைத்தார். "நீயே உட்காரும்மா. நான் தொட மாட்டேன். காலை எதுலயும் வைக்காதே, சாவியை மட்டும் திருப்பு."

மகள் உட்கார்ந்து திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. பானெட் கிடுகிடுத்தது.

"ஏசியைப் போடு. இப்ப ஸ்டீயரிங்கை ஒடிச்சுத் திருப்பு."

பாதி வரை லேசாகத் திரும்பியது. பிறகு ஒரு விக்கல், ஓர் உதறல். இன்ஜின் நின்றது. அந்த அடித்தளம் முழுக்க ஓசை அடங்கிப்போனது. மகள் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

"அம்மா" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு. "இது திரும்பலம்மா. எவ்வளவு இழுத்தாலும் திரும்பலம்மா."

டீச்சர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். மகள் இறங்கி வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வலிக்கும் தோள் அது. டீச்சர் நகரவில்லை. மகளின் தலைக்கு மேலாக இவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு இங்கயே நின்னு கேட்டேனே உங்களை."

"பயந்துட்டேன் மேடம்."

மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்க வாயில்லை. வேலை அடுத்த வாரமே போனது, போலீஸிலும் கோர்ட்டிலும் அதே தாளைப் பத்துப் பேர் முன்னால் படிக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் பிறகு. அப்போது டீச்சர் இன்னும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"இது நிக்காம ஓடுறதுக்கு, அன்னைக்கு எவ்வளவு நேரம் விட்டிருக்கணும்?"

தினமும் இருபது தடவை சொல்லிப் பழகிய வார்த்தை.

"பத்து நிமிஷம்" என்றார்.

டீச்சர் தூணின் அடியிலிருந்த மேடையில் மெல்ல உட்கார்ந்தார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓடவிடுங்க" என்றார் டீச்சர்.

அவர் வண்டியில் ஏறி ஏசியை அணைத்தார். இன்ஜின் இரண்டு தடவை நின்றது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இரண்டு கால்களையும் பின்னால் இழுத்துக்கொண்டார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை, பத்து நிமிஷம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டார்கள்.